டெல்டா வெயிலும் வெயில் பழகாத தோலும்

சன்ஸ்கிரீன் விளம்பரம் இப்ப கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல் ஷாப் கண்ணாடி வரைக்கும் வந்தாச்சு, அதோட சேந்து ஒரு பயமும் வந்துருக்கு. கொஞ்சம் கலரா இருக்குற புள்ளைங்க எல்லாம் "நான் செவப்பாச்சே, வெயில்ல போனா ஸ்கின் கேன்சர் வந்துருமா"ன்னு கேக்குதுங்க. பதில நேரா சொல்லிடுறேன், நம்ம ஊர்ல செவப்புன்னு சொல்ற கலருக்கு அந்தப் பயம் தேவையில்ல. ஆனா இதே ஊர்ல இதே வெயில்ல நெஜமாவே பயப்பட வேண்டியவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, பொறந்ததுலேந்தே தோல்லயும் முடியிலயும் நிறம் இல்லாதவங்க, அல்பினிசம் உள்ளவங்க. அவங்ககிட்ட போயி யாரும் சன்ஸ்கிரீன் விக்கிறதும் இல்ல, கேன்சரப் பத்தி பேசுறதும் இல்ல. நம்ம நடவு வேலை, பள்ளிக்கூட பிரேயர், தேர் திருவிழா, கவர்மெண்டு சர்டிபிகேட்டு வரைக்கும் எல்லாமே எல்லாருக்கும் கறுத்த தோல் இருக்குங்கிற நெனப்புலயே அமைஞ்சுருக்கு, அந்தத் தோல் இல்லாதவங்க அதுக்குள்ள எப்படியோ இண்டு இடுக்குல பொழச்சுக்கிட்டு இருக்காங்க.

மொதல்ல தோல் கணக்கப் பாப்போம். தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின உண்டாக்குற செல்லு, மெலனோசைட்டுன்னு பேரு, அது வெள்ளக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையிலதான் இருக்கு. வித்தியாசம் அது எவ்வளவு சரக்கு உண்டாக்குது, என்ன வகைச் சரக்கு, அத எப்படி பரப்பி வைக்குதுங்கிறதுலதான். நம்ம தோல்ல மெலனின் பொட்டலம் பெருசு பெருசா தனித்தனியா போயி ஒவ்வொரு செல்லோட கருவுக்கு மேலயும் குடை புடிச்ச மாதிரி உக்காந்துக்கும், உள்ள இருக்குற டிஎன்ஏ மேல வெயில் நேரா விழாது. 1970கள் கடைசியில அமெரிக்காவுல அளந்து பாத்தாங்க, கறுப்பின மக்களோட மேல்தோல் மட்டுமே சராசரியா எஸ்பிஎஃப் 13 அளவுக்கு (சன்ஸ்கிரீன் பாட்டில்ல போட்டுருக்குற தடுப்பு அளவு) யூவிபி கதிர தடுக்குது (வெயில்ல கண்ணுக்குத் தெரியாம வர்ற புற ஊதாக் கதிருக்கு யூவின்னு பேரு, அதுல தோல கருக்குற வகை யூவிபி), வெள்ளைத் தோல் 3 சொச்சம்தான் தடுக்குது. நம்மாளுங்க பெரும்பாலும் அந்த ரெண்டுக்கும் நடுவுல, கறுப்புப் பக்கமா சாஞ்சு இருக்கோம். தோல் டாக்டர்ங்க 1975-லேந்து ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல்னு ஒண்ணு வச்சுருக்காங்க, 1-லேந்து 6 வரைக்கும், 1-ன்னா வெயில் பட்டா கருகி செவந்து போற தோல், கறுக்கவே கறுக்காது, 6-ன்னா கருகவே கருகாது. தஞ்சாவூர்ல கல்யாண புரோக்கர் "பொண்ணு நல்ல செவப்பு"ன்னு சொல்ற பொண்ணு கூட இந்தக் கணக்குல 4-ல தான் இருக்கும். முகத்துல பவுடர் போடுற கலர் வேற, கேன்சர் பாக்குற கலர் வேற.

நாம வெயிலப் பாத்து பயப்படுற விதமே கோணலா இருக்கு. "வெயில்ல சுத்தாதடி, கறுத்துப் போயிடுவ"ன்னு சொல்லி வளத்துருக்கோம். கறுத்துப் போறது தோல் தன்னைத் தானே காப்பாத்திக்கிறது. யாருக்கு கறுக்கவே மாட்டேங்குதோ, வெறுமன செவந்து, தோல் உரிஞ்சு, மறுபடி வெள்ளையா ஆயிடுதோ அவங்களப் பாத்துத்தான் பயப்படணும், ஆனா அவங்களப் பாத்து "உனக்கென்ன, வெயில்ல கெடந்தாலும் வெள்ளையா இருக்க"ன்னு சொல்ற ஊரு இது.

அடுத்து வெயில். டெல்டா ஏறக்குறைய 10 டிகிரி 20-லேந்து 11 டிகிரி 20 வரைக்கும் வடக்கு அட்சரேகையில இருக்கு, தஞ்சாவூர் 10.8. அதாவது வருஷத்துல ரெண்டு தடவ சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா வந்து நிக்கும், ஏப்ரல் மூணாவது வாரத்துல ஒரு தடவ, ஆகஸ்ட் கடைசி வாரத்துல ஒரு தடவ, அன்னிக்கி நடு மத்தியானத்துல நட்டு வச்ச கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரல்னா உளுந்து எடுக்குற நேரம், ஆகஸ்ட்னா சம்பா நாத்தங்கால் நேரம், ரெண்டுமே வயல்ல குனிஞ்சு நிக்கிற வேலை. உச்சி வெயில்ங்கிறது நம்ம கடிகாரத்துல 12 மணிக்கு இல்ல, தஞ்சாவூருக்கு 12:15 வாக்குல. காலை 10-லேந்து மத்தியானம் 2 வரைக்கும் நாலே மணி நேரத்துல அன்னிக்கி வர்ற யூவி-ல பாதிக்கு மேல வந்து கொட்டிடும்.

சூடு வேற யூவி வேறங்கிறத நம்ம ஊர்ல புரிய வைக்கிறது ரொம்ப கஷ்டம். கத்திரி வெயில் மே 4-ந்தேதி ஆரம்பிச்சு 28 வரைக்கும்னு காலண்டர்ல போட்டுருக்கான், அந்த இருபத்தஞ்சு நாள் தப்பிச்சா போதும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. தை மாசம் காத்து சிலுசிலுன்னு அடிக்கிது, சம்பா அறுப்பு நடக்குது, மேலு காந்தல, ஆனா மத்தியானத்துல யூவி இன்டெக்ஸ், அதாவது அந்தக் கதிரோட அளவச் சொல்ற எண், பாத்தீங்கன்னா அப்பவும் வெள்ளைத் தோலுக்கு ஆகாத அளவுலதான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 3 தாண்டுனாலே மூடிக்கோங்கன்னு சொல்லுது, 8 தாண்டுனா ரொம்ப அதிகம், 11 தாண்டுனா உச்சம். நம்ம ஊர்ல மத்தியானத்துல 3-க்குக் கீழ போறதுங்கிறது ஐப்பசி கார்த்திகையில மூணு நாள் விடாம அடைமழை புடிச்சாத்தான். லேசான மேகத்துல கூட பெரும்பங்கு கதிர் உள்ள வந்துடும். இதுக்கு போன்ல ஆப் கீப் எதுவும் வேணாம், ஒங்க நிழல் ஒங்க ஒசரத்த விட குட்டையா இருந்தா யூவி ஜாஸ்தின்னு அர்த்தம், அவ்வளவுதான், சின்னப் புள்ளைக்கும் சொல்லிக் குடுக்கலாம்.

இன்னொண்ணு, வயத் தண்ணியில வெயில் பட்டு திரும்பி அடிக்கும், அதான் நடவுப் பொம்பளைங்களுக்கு மூஞ்சி கறுக்குதுன்னு சொல்லுவாங்க. தண்ணி, புல்லு, மண்ணு எல்லாம் யூவி-ய பத்துல ஒரு பங்குக்கும் கீழதான் திருப்பி அனுப்பும். காஞ்ச கடக்கரை மணல் கொஞ்சம் கூட, நூத்துக்குப் பதினஞ்சு. பளீர்னு வெளிச்சம் அடிக்கிறதுக்கும் யூவி-க்கும் நேர்க் கணக்கு கெடையாது. வேதாரண்யம் உப்பளத்துல நிக்கிறவங்களுக்கு கண்ணு கூசுறது நெசம், அது தனி பிரச்சனை. மூஞ்சி கறுக்குறதுக்கு முக்கியக் காரணம் மேலேந்து வர்றதுதான், அதுலயும் சூரியன்லேந்து நேரா வர்றது ஒரு பாதி, வானம் முழுக்க செதறி வர்றது ஒரு பாதி. அதனாலதான் தென்ன மரத்து நிழல்ல நின்னாலும் தோல் செவக்குது, கீத்து இடுக்குல வானம் தெரியுதுல்ல. புங்க மரம், புளிய மரம், மாமரம் இதோட நிழல்தான் நிழல். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்பறம் பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம் தென்னை மட்டுமா போச்சு, ரோட்டோர பெரிய மரமெல்லாம் போச்சு, நஷ்டக் கணக்குல நிழல யாரும் சேக்கல.

வெயில்தான் தோல் கேன்சருக்குக் காரணம்னு கண்டுபுடிச்ச கதை நமக்கு ரொம்பப் பக்கத்துக் கதை, ஏன்னா அது விவசாயிங்க கழுத்துலேந்துதான் ஆரம்பிச்சுது. 1894-ல ஜெர்மனியில உன்னாங்கிற டாக்டர் கப்பல்காரங்க மூஞ்சித் தோல் தடிச்சு வெடிச்சு கேன்சர் ஆகுறதப் பாத்து எழுதுனாரு, 1896-ல பிரான்ஸ்ல டூப்ரேயிங்கிறவரு போர்டோ பக்கத்துல திராட்சைத் தோட்டத்துல வேலை செய்யிற கூலிக்காரங்களுக்கு பட்டணத்து ஆளுங்கள விட ஜாஸ்தி வருதுன்னு கவனிச்சாரு. 1928-ல ஃபிண்ட்லேங்கிறவரு எலிக்கு யூவி வெளக்கு காட்டி கேன்சர் வர வச்சு நிரூபிச்சாரு. 1956-ல ஆஸ்திரேலியாவுல லங்காஸ்டர்னு ஒரு புள்ளிவிவரக்காரர், வெள்ளக்காரங்க எந்த அளவுக்கு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல குடியிருக்காங்களோ அந்த அளவுக்கு மெலனோமா, அதாவது அந்த மெலனோசைட் செல்லுல வர்ற கேன்சரால, சாவு கூடுதுன்னு காட்டுனாரு. அந்த ரேகைக்கு நாம ஆஸ்திரேலியாக்காரங்க பெரும்பாலானவங்கள விட ரொம்பப் பக்கத்துல இருக்கோம், நம்மள காப்பாத்துறது தோல்தான், ஊரு இல்ல.

நம்ம கரையிலயும் வெள்ளைத் தோல்காரங்க வந்து இருந்தாங்கல்ல, தரங்கம்பாடியில டேனிஷ்காரன் 1620-லேந்து 1845 வரைக்கும் இருந்தான், நாகப்பட்டினத்துல டச்சுக்காரன். அவங்களுக்கு தோல் கேன்சர் வந்துச்சான்னு கேட்டா, தோல் கேன்சர் வர இருபது முப்பது வருஷம் வெயில் சேரணும், அதுக்குள்ள காய்ச்சலும் பேதியும் பாதிப் பேர கொண்டு போயிடும், தரங்கம்பாடி பாதிரியார் சீகன்பால்கு 1706-ல வந்து 1719-ல போயிட்டாரு, அப்ப அவருக்கு வயசு 36. அப்பறம் வந்த இங்கிலீஷ்காரன் வெயிலுக்கு பயந்து தலையில சோலா தொப்பி போட்டான், அதுவும் தோலுக்காக இல்ல, வெயில் மண்டைக்குள்ள எறங்கி மூளை கலங்கிடும்னு. அந்தத் தொப்பி எதுல செஞ்சதுன்னு தெரியுமா, நெட்டியில. நம்ம குளத்துலயும் சதுப்புலயும் வளர்ற அதே நெட்டி, தஞ்சாவூர்ல பெரிய கோயில அச்சு அசலா செதுக்கி கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சு விக்கிறாங்களே அதே நெட்டி, 2020-ல புவிசார் குறியீடு கூட வாங்குச்சு. வெள்ளக்காரன் மூளைக்குன்னு போட்டது தோலுக்கும் கொஞ்சம் உதவியிருக்கும், ஏன்னா சுத்திலும் அகலமா விளிம்பு இருந்துச்சு. இன்னிக்கி நம்மூர்ல அல்பினிசம் உள்ள ஒரு பையனுக்கு தேவைப்படுறது கிட்டத்தட்ட அதே தொப்பிதான், காதையும் பொடனியையும் மறைக்கிற மாதிரி, கிரிக்கெட் கேப் போட்டா மூக்கு மட்டும்தான் தப்பிக்கும்.

இப்ப அந்தப் பையன்கிட்ட வருவோம். அல்பினிசத்துல மெலனோசைட் செல்லு இருக்கும், ஆனா மெலனின் செய்யத் தேவையான டைரோசினேஸ்ங்கிற என்சைமோ அது மாதிரி வேற ஒண்ணோ வேலை செய்யாது. அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டேந்தும் பழுதான ஜீன் ஒவ்வொண்ணு வந்தாத்தான் புள்ளைக்கு வரும், அவங்க ரெண்டு பேரும் பாக்க எல்லாரையும் போல கறுப்பாவே இருப்பாங்க. அதனாலதான் இந்தப் புள்ளை பொறந்த ஒடனே ஊரு அம்மாவ ஒரு மாதிரி பாக்கும், எத்தன வீட்டுல அது எப்படிப்பட்ட பேச்சா போயிருக்கும்னு சொல்லத் தேவையில்ல. ரெண்டு பேருமே அந்த ஜீன் வச்சுருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. உலகம் முழுக்க சுமார் 17,000-லேந்து 20,000 பேருக்கு ஒருத்தர்னு சொல்றாங்க, டான்சானியாவுல 1,400-க்கு ஒருத்தர். நம்மூர்ல அத்தை பொண்ணு, மாமன் பையன், அக்கா மகளக் கட்டுறதுன்னு சொந்தத்துலயே குடுத்து வாங்குறோம், தேசிய குடும்ப நல சர்வே 2019-21-லயும் தமிழ்நாட்டுல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான். தாய்மாமனுக்குக் கட்டுனா ஜீன் ஒத்துப் போற அளவு அத்தை மக மாமன் மகன விட ரெண்டு மடங்கு. சொந்தத்துல கட்டுன எல்லாருக்கும் இப்படி பொறக்கும்னு இல்ல, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, ஆனா ஒரு குடும்பத்துல ஒரு தடவ வந்துருச்சுன்னா அடுத்த தலைமுறையில அதே குடும்பத்துக்குள்ளயே கட்டுறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட பேசுறது நல்லது.

எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் இப்படித்தான். திருவாரூர் பக்கம், ஊர்ல அவருக்கு பேரு "வெள்ளக்காரரு", சின்னப் புள்ளைங்க கூட "வெள்ளக்காரண்ணே"ன்னுதான் கூப்புடும், அவரும் திரும்பிப் பாப்பாரு, வேற என்ன செய்ய. பகல்ல அவரால கண்ணத் தொறந்து வச்சு நடக்க முடியாது, கண்ணு ரெண்டும் தானா பக்கவாட்டுல ஆடிக்கிட்டே இருக்கும், பஸ் போர்டு படிக்க முடியாது, போன மூக்குக்கிட்ட வச்சுத்தான் மெசேஜ் பாப்பாரு. அல்பினிசம்னா தோல் மட்டும் இல்ல, கண்ணுக்குள்ள விழித்திரை சரியா வளர்றதுக்கும் அந்த மெலனின் வேணும், அதனால கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல ஒக்கார வச்சு மக்குன்னு முடிவு கட்டுனாங்க, எட்டாவதோட நின்னுட்டாரு. ஆனா ராத்திரி ஆச்சுன்னா மனுஷன் வேற ஆளு. முறைத் தண்ணி வர்ற ராத்திரியில மம்முட்டிய தோள்ல போட்டுக்கிட்டு வாய்க்கா வரப்புல நடந்து மடை திருப்புறதும், மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்டு வர்ற நேரத்துக்கு முழிச்சுருந்து தண்ணி பாய்ச்சுறதும், பத்து வீட்டு வயலுக்கு அவருதான். "பகல்ல நீங்க பாத்துக்கங்கடா தம்பி, ராத்திரி நான் பாத்துக்கறேன்"பாரு. யாரும் அவருக்கு இத ஒரு வைத்தியமா சொல்லிக் குடுக்கல, அவரே தன் தோலுக்கும் கண்ணுக்கும் ஏத்த மாதிரி ஒரு வேலைய கண்டுபுடிச்சுக்கிட்டாரு, ஆனா பாம்பு கெடக்குற வரப்புல கண்ணு சரியாத் தெரியாத ஆளு நடக்குறதும் ஒரு ஆபத்துதானே, ஒரு ஆபத்துக்குத் தப்பிச்சு இன்னொண்ணுல.

அவரு கையப் பாத்தா வெயில் என்ன செய்யும்னு புஸ்தகம் தேவையில்ல. சட்டைக் கைக்கு மேல தோல் புள்ளத் தோல் மாதிரி வழுவழுன்னு இருக்கும், மணிக்கட்டுக்குக் கீழ பொறங்கை முழுக்க சொரசொரன்னு உப்புத்தாள் கணக்கா, அங்கங்க பழுப்பு புள்ளி, ரெண்டு எடத்துல செதில் செதிலா பொருக்கு தட்டி நிக்கும், பிச்சு எடுத்தா லேசா ரத்தம் கசிஞ்சு பத்து நாள்ல மறுபடி அதே பொருக்கு. டாக்டருங்க இத ஆக்டினிக் கெரட்டோசிஸ்னு சொல்றாங்க, கேன்சருக்கு முந்தின படி. எல்லாமே கேன்சர் ஆகாது, ஆனா எது ஆகும்னு பாத்துச் சொல்ல முடியாது. யூவிபி கதிர் டிஎன்ஏ-ல பக்கத்துப் பக்கத்து எழுத்து ரெண்ட ஒட்ட வச்சுடுது, ஒடம்பு அத வெட்டி எடுத்து சரி பண்ணிக்கிட்டே இருக்கு, தெனம் ஆயிரக்கணக்குல சரி பண்ணும்போது செலது தப்பிப் போகும், தப்பிப் போனது செல்ல அடக்கி வைக்கிற பி53-ங்கிற ஜீன்லயே விழுந்துச்சுன்னா அந்த செல்லு கட்டுப்பாடு இல்லாம பெருக ஆரம்பிக்கும். அதனால இது ஒரு நாள் வெயில் சமாச்சாரம் இல்ல, பால்வாடி காலத்துலேந்து சேந்துக்கிட்டே வர்ற கணக்கு. "வெயில்ல நின்னு பழகுனா சரியாப் போயிடும்"னு சொல்றதுதான் நம்ம ஊர்ல அல்பினிசம் உள்ள புள்ளைக்கு செய்யிற பெரிய கொடுமை, அந்தத் தோலுக்கு பழக்கம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. ஆப்பிரிக்காவுல இவங்கள்ல நெறைய பேருக்கு முப்பது நாப்பது வயசுலயே தோல் கேன்சர் வந்துடுது, பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல்னு மேல்தோல் செல்லுல வர்ற வகை, காது, மூக்கு, கீழ் உதடு, பொடனி, பொறங்கை இங்கதான்.

இங்க வெண்புள்ளி உள்ளவங்க பயந்துக்க வேணாம்னு ஒரு வரி சொல்லிடணும். அவங்களுக்கு அந்த வெள்ளை எடம் வெயில்ல சீக்கிரம் கருகும், மூடிக்கணும்தான், ஆனா வெண்புள்ளி உள்ளவங்களுக்கு மெலனோமா மத்தவங்கள விட கம்மியாவே வருதுன்னுதான் ஆய்வுங்க காட்டுது. அங்க நிறம் செய்யிற செல்ல ஒடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சுருது, அதே சக்தி கேன்சர் செல்லையும் விட்டு வைக்கிறதில்லன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறதும் ஒட்டுவாரொட்டின்னு ஒதுக்குறதும் ரெண்டு பக்கமும் நடக்குது, ரெண்டுமே ஒட்டாது.

சரி, சன்ஸ்கிரீன் வாங்கிப் பூசிக்கலாம்லன்னா, பூசலாம். அது வேலை செய்யிதுங்கிறதுக்கு நல்ல சாட்சி இருக்கு, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் நாம்பூர்ங்கிற ஊர்ல 1992-லேந்து 1,621 பேர வச்சு நாலரை வருஷம் பாத்தாங்க, தெனமும் பூசச் சொன்னவங்களுக்கு ஸ்குவாமஸ் செல் கேன்சர் கட்டி சுமார் 40% கம்மியா வந்துச்சு. ஆனா நம்ம கணக்கையும் போட்டுப் பாருங்க. பாட்டில்ல போட்டுருக்குற எஸ்பிஎஃப் கெடைக்கணும்னா மூஞ்சி கழுத்துக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு கைக்கும் ஒரு டீஸ்பூன், மொத்தம் 15 மில்லி, வேர்த்து வழியிற வேலைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஒரு நாளைக்கு ரெண்டே தடவன்னு வச்சுக்கிட்டாலும் 30 மில்லி, மாசத்துக்கு 900, அதாவது 50 மில்லி டியூப் 18. டியூப் 300 ரூபான்னு கொறச்சுப் போட்டாலே 5,400 ரூபா. களை பறிக்கப் போற வீட்டுல இது நடக்குற காரியமா. அதுலயும் நாத்து முடி புடிச்ச கைய ஒரு தடவ சேத்துல வச்சு எடுத்தா பூசுனதெல்லாம் போச்சு. விளம்பரத்துல பட்டாணி அளவு எடுத்து கன்னத்துல ரெண்டு புள்ளி வைக்கிறாங்க, அது தோலுக்கு இல்ல கேமராவுக்கு. எஸ்பிஎஃப் 30-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் 97%-க்கும் 98%-க்கும் உள்ளது, விலை வித்தியாசம் அத விட ரொம்ப ஜாஸ்தி, பணம் இருந்தா 50 வாங்குறத விட 30 வாங்கி நெறையப் பூசுறது மேல். மூக்கு, காது, உதடு, பொறங்கை, துணியால மறைக்க முடியாத இந்த நாலு எடத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன்னு வச்சுக்கிட்டா செலவு கைக்கு அடங்கும்.

மத்ததெல்லாம் துணிதான். ஆஸ்திரேலியாக்காரன் 1981-ல ஆரம்பிச்ச ஸ்லிப் ஸ்லாப் ஸ்லேப் பிரச்சாரத்துலயே மொதல்ல வர்றது சட்டை மாட்டு, அப்பறம்தான் கிரீம் பூசு, தொப்பி போடு. அதுல நம்ம நடவுப் பொம்பளைங்க ஆஸ்திரேலியாவுக்கே பாடம் எடுக்கலாம், புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கை சட்டைய மாட்டிக்கிட்டு, பொத்தான் போட்டு, தலையில துண்ட மடிச்சுக் கட்டி பின்னாடி கழுத்து மேல தொங்க விட்டு குனியிறாங்களே, குனிஞ்சு நிக்கிற ஆளுக்கு வெயில் விழுற எடம் பொடனியும் முதுகும்தான், அத மிகச் சரியா மறைச்சுடுது அந்த உடுப்பு. கோளாறு ஆம்பளைங்ககிட்டதான், வெறும் மேலு, இல்லன்னா நைஞ்சு போன வெள்ளத் துண்டு. மெல்லிசான வெள்ளப் பருத்தித் துணி அஞ்சுல ஏழுல ஒரு பங்கு யூவி-ய உள்ள விட்டுரும், நனைஞ்சா இன்னும் கூட விடும். கெட்டியா நெய்த, கலர் அழுத்தமா இருக்குற துணி தேவல, சூடா இருக்கும்னு சொல்லுவாங்க, இருக்கும், தொளதொளன்னு தச்சுக்கிட்டா காத்து போவும். துணிய வெளிச்சத்துக்கு எதுர தூக்கிப் பாத்தா பொத்தல் பொத்தலா வெளிச்சம் தெரியக் கூடாது, இதான் அளவு.

டான்சானியாவுல கிளிமஞ்சாரோ மலை அடிவாரத்துல மோஷிங்கிற ஊர்ல இருக்குற தோல் நோய் பயிற்சி மையத்துல கிலிசன்னு ஒரு சன்ஸ்கிரீன உள்ளூர்லயே தயாரிச்சு அல்பினிசம் உள்ளவங்களுக்கு இலவசமா குடுத்தாங்க, குடுக்கும்போதே தோலையும் பரிசோதிச்சு தொப்பி போடுறதையும் சொல்லிக் குடுத்தாங்க. நம்மகிட்ட மருந்து கொள்முதல் பண்ணி ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் அனுப்புற ஏற்பாடு அத விட பல மடங்கு பெருசு. 2021-லேந்து மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. அந்தப் பையிலயே ஒரு ஒன்றியத்துல இருக்குற நாலஞ்சு அல்பினிசம் குடும்பத்துக்கு வெயில தடுக்குற ஜிங்க் ஆக்சைடு கிரீம் கொண்டு போறதுக்கு பெருசா செலவு ஆகாது, அவங்க யாருன்னு கணக்கெடுத்தா போதும், ஊர்ல யாரக் கேட்டாலும் வீட்டக் காட்டுவாங்க.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல அல்பினிசம்னு தனியா இல்ல, பார்வைக் குறைபாடுங்கிற வகையிலதான் போகணும். கண் டாக்டர் அளந்து 40% வந்தா கார்டு கெடைக்கும், 40-க்குக் கீழ வந்தா பெரும்பாலான சலுகைக்கு ஆகாது. எங்க அண்ணனுக்கு இதுக்கு அலைஞ்சப்ப ஒரு எடத்துல "கண்ணு ஆடுறதுக்கெல்லாம் மார்க் கெடையாது, தோலுக்கு தோல் டாக்டரப் பாருங்க"ன்னு அனுப்புனாங்க, தோல் பக்கம் போனா "இது பிறவி, மருந்து இல்ல, சர்டிபிகேட் கண்ணுல வாங்குங்க"ன்னாங்க. ரெண்டு பேரும் விதிப்படிதான் பேசுனாங்க, நடுவுல பகல் பூரா வெயில்ல கியூவுல நின்னது அவரு. வெயில்ல வேலை செய்ய முடியாதுங்கிறது, அதாவது டெல்டா மாதிரி ஊர்ல பாதி வேலை செய்ய முடியாதுங்கிறது, அந்தப் பெர்சன்டேஜ் கணக்குல எங்கயுமே வர்றதில்ல. பள்ளிக்கூடத்துலயாவது மொத பெஞ்சு, பெரிய எழுத்து, பரிட்சையில கூடுதல் நேரம், பிரேயர்ல நிழல், பிடி பீரியட் சாயங்காலத்துலன்னு கேட்டா பல வாத்தியாருங்க குடுத்துடுவாங்க, கேக்கணும்னு பெத்தவங்களுக்கு தெரியிறதில்ல.

கறுத்த தோல் உள்ள நமக்கு தோல் கேன்சரே வராதான்னா, வரும், ஆனா பல நேரம் வெயில் படாத எடத்துல வரும், அதான் ஏமாத்துது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில வர்ற மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. பாடகர் பாப் மார்லிக்கு கால் கட்ட வெரல் நகத்துக்கு அடியில வந்தது அதுதான், 1981-ல 36 வயசுல செத்தாரு. சேத்துல வேலை செய்யிற காலுல கறுப்பா ஒரு தழும்பு இருந்தா முள்ளு குத்துனது, சேத்துப் புண்ணுன்னு விட்டுடுவோம், நகத்துல கறுப்புக் கோடு அகலமாயிட்டே போனா கல்லு இடிச்சதுன்னு நெனப்போம். அடுத்தது பழைய தீக்காயத் தழும்பு, வருஷக் கணக்கா ஆறாத கால் புண்ணு, இதுல பல வருஷம் கழிச்சு கேன்சர் வரும், மார்ஜோலின் புண்ணுன்னு பேரு. இடுப்புல வேட்டியோ பாவாடை நாடாவோ ஒரே எடத்துல இறுக்கி இறுக்கி வர்றதும் உண்டு, 1945-லயே பம்பாய்ல கானோல்கர்ங்கிற டாக்டர் வேட்டி கேன்சர்னு எழுதி வச்சாரு. நாடாவ அகலமா தச்சுக்கிட்டு, இறுக்குற எடத்த மாத்தி மாத்திக் கட்டுனா தீந்துது.

எந்தத் தோலா இருந்தாலும் ஒரு பொருக்கோ புண்ணோ ஒரு மாசம் தாண்டியும் ஆறலன்னா, தொட்டா ரத்தம் வந்தா, ஓரம் தடிச்சு மேடு கட்டுனா பச்சிலையும் வேணாம் மெடிக்கல் ஷாப் ஆயின்மெண்டும் வேணாம், முக்கியமா அந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேணாம், செவப்ப அமுக்கிக் காட்டி ரெண்டு மாசத்த தின்னுடும். தஞ்சாவூர், திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் பிரிவு ஓபி இருக்கு, காலையில சீட்டு போடணும். போறப்ப முழுக்கை சட்டையும் குடையும் எடுத்துக்கங்க, கியூ எங்க நிக்கும்னு சொல்ல முடியாது. மரத்துப் போற ஊசி போட்டு சின்னதா ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க, ஒண்ணு ரெண்டு தையல், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். கத்தி பட்டா பரவிடும்னு ஊர்ல சொல்லுவாங்க, அது பொய்யி. பொருக்கு நெலையிலயே இருந்தா உறைய வச்சு எடுத்துடுவாங்க, ஸ்குவாமஸ் செல்லா இருந்தாலும் ஆரம்பத்துலயே வெட்டி எடுத்தா பத்துல ஒம்போது பேருக்கு மேல அதோட முடிஞ்சுடும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில கேன்சர் ஆபரேஷன் வரும். அல்பினிசம் உள்ளவங்க புண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்காம ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போயி மேலுக்கு முழுசா காட்டிட்டு வரணும், காதுக்குப் பின்னாடி, பொடனி, உச்சந்தலை வகிடு இதெல்லாம் தானாப் பாத்துக்க முடியாது, வீட்டுல யாராவது ஒருத்தரு தலை துவட்டி விடும்போது பாத்தா போதும். எங்க அண்ணன் கையில இருந்த ரெண்டு பொருக்குல ஒண்ண எடுத்தாச்சு, இன்னொண்ணுக்கு புரட்டாசியில வரச் சொல்லிருக்காங்க.